சுழல்காற்று: அங்கே ஆண்டுக்கு 1,200... இங்கே ஏன் அபூர்வம்?

2019 ஏப்ரல் முதல் நாள். மாலை நிகழ்ச்சிக்காக ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். நேயர் ஒருவர் புலனத்தில் ஒரு காணொளி அனுப்பினார். பினாங்கு தஞ்சோங் தோக்கோங் கடற்கரை. சாம்பல் நிற மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒன்று கடலில் இறங்கி, நீரைக் கலக்கியபடி அடுக்குமாடி வீடுகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன தேதின்னு பாருடா. ஏப்ரல் ஃபூல்" என்று சிரித்தார் உடன் பணியாற்றிய அண்ணன்.

இரண்டு நிமிடத்தில் அடுத்த காணொளி வந்தது. அதே தும்பிக்கை, வேறொரு மாடியிலிருந்து. இந்த முறை கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்தன. விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் ஒலிவாங்கியைத் திறந்தேன். "சற்றுமுன் கிடைத்த தகவல். பினாங்கைச் சூறாவளி தாக்கியுள்ளது. மேல் விவரங்களுக்கு இணைந்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா.

"தம்பி, எங்க அக்கா ஆயர் ஈத்தாம்ல தனியா இருக்காங்க. போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. பினாங்கு முழுக்க அடிச்சிருச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சு சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். அன்று சேதமடைந்தவை ஒரு கடலோரத் துண்டில் இருந்த ஏறக்குறைய ஐம்பது கட்டடங்கள்தாம். மலையடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லில் பினாங்குத் தீவு முழுவதுமே அடங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா மறுபடியும் அழைத்தார். அக்கா போனை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு அடுத்த அறையில் தூங்கிப்போயிருக்கிறார். "அவ நல்லாத்தான் இருக்கா. அரை மணி நேரம் என் உயிருதான் என்கிட்ட இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செய்தியை அன்றே திருத்திச் சொன்னேன். முதலில் கேட்டவர்கள் எல்லாரும் திருத்தத்தையும் கேட்டிருப்பார்களா என்பது தெரியாது. அந்த வாரம்தான் சுழல்காற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கே அதிகம் வருகிறது, ஏன் அங்கே மட்டும், நம் ஊரில் எத்தனை, எவ்வளவு பயப்படவேண்டும் என்ற கேள்விகளோடு தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

ஒரே பெயர், இரண்டு ஆபத்து

தமிழில் நாம் 'சூறாவளி' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். கடலில் உருவாகி, நாள்கணக்கில் நகர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு மழையும் காற்றுமாக வருவது புயல். பிலிப்பீன்ஸ் மக்கள் தைஃபூன் என்று அழைப்பதும் அதைத்தான். 2001 டிசம்பர் 27ஆம் தேதி ஜொகூரில் கரைகடந்த 'வாமெய்' அந்த வகை. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் புயல் உருவானது வானிலை அறிஞர்களையே வியக்கவைத்தது.

டோர்னடோ என்னும் சுழல்காற்று வேறு வகை. இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை தொங்கும் காற்றுத் தூண் அது. பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் அகலம் இருக்கும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒரு தெருவில் இந்தப் பக்க வீடு தரைமட்டமாகியிருக்கும், எதிர்ப்பக்க வீட்டில் கொடியில் காயும் துணிகூட அப்படியே இருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. 2013 மே 31ஆம் தேதி ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே வந்தது ஏறக்குறைய 4.2 கிலோமீட்டர் அகலம். பதிவானவற்றில் அதுவே மிக அகலமானது.

மலாய்க்காரர்கள் இதைப் புத்திங் பெலியோங் என்கிறார்கள். பெலியோங் என்றால் மரம் செதுக்கும் வாய்ச்சி. புத்திங் என்பது அதன் கைப்பிடிக்குள் செருகப்படும் கூர்முனை. கீழே போகப்போகக் குறுகும் அந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். கடலில் எழுவதற்கு பெலாலாய் ஆயர், அதாவது தண்ணீர்த் தும்பிக்கை. நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இப்படி ஒரு சொல்லைத்தான். இந்தக் கட்டுரையில் தரையில் வருவதைச் சுழல்காற்று என்றும் கடலில் வருவதை நீர்த்தூண் என்றும் எழுதுகிறேன்.

அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் இத்தனை?

உலகில் பதிவாகும் சுழல்காற்றுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில்தான். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,200. அடுத்த இடத்தில் இருக்கும் கனடாவில் ஏறக்குறைய 100 மட்டுமே. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்த நிலத்தின் அமைப்பு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டெக்சஸ், ஓக்லஹோமா, கன்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்கள் வரிசையாக, தட்டையாகக் கிடக்கின்றன. தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர். அங்கிருந்து ஈரமான வெப்பக்காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. மேற்கே ராக்கி மலைத்தொடரும் மெக்சிகோவின் பாலைப் பீடபூமியும் இருக்கின்றன. அங்கிருந்து வறண்ட காற்று அந்த ஈரக்காற்றின் மேல் ஒரு மூடி போல வந்து படிகிறது. அதற்கும் மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது.

மூடி போட்ட பானையில் நீர் கொதிப்பதைப் போல, பகல் வெயிலில் கீழே உள்ள ஈரக்காற்று சூடேறிக்கொண்டே இருக்கிறது. பிற்பகலில் எங்கோ ஓரிடத்தில் மூடி திறந்துகொள்ளும். அடைபட்டிருந்த காற்று ஒரேயடியாக மேலே பாயும். ஒரு மணி நேரத்துக்குள் வெறும் வானத்தில் 15 கிலோமீட்டர் உயர இடிமேகம் நின்றுவிடும்.

இதுவரை சொன்னதில் இடிமழைதான் வரும். சுழல்வதற்கு இன்னொன்று தேவை. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறவேண்டும். ஒரு பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே படுக்கவைத்து, மேல் கையை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள். பென்சில் உருளும். தரைக்காற்று மெதுவாகவும் மேல்காற்று வேகமாகவும் வீசும்போது நடுவில் உள்ள காற்றும் இப்படித்தான் படுக்கைவாட்டில் உருள்கிறது. மேலே பாயும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலத் தொடங்குகிறது. இப்படிச் சுழலும் மேகங்களிலும் பெரும்பாலானவை சுழல்காற்றைத் தருவதில்லை. ஆனால் மிகக் கொடூரமான சுழல்காற்றுகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

ஈரம், வெப்பம், வறண்ட மூடி, திசைமாறும் மேல்காற்று. இவை தனித்தனியாக உலகில் பல இடங்களில் உண்டு. நான்கும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் கூடுவது அபூர்வம். அமெரிக்காவில் பெரிய மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுவதால், வளைகுடாவின் ஈரக்காற்றையும் வடக்கிலிருந்து வரும் குளிர்க்காற்றையும் குறுக்கே நின்று தடுக்க எதுவுமில்லை. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மத்தியதரைக் கடலின் ஈரம் அதைத் தாண்டி வடக்கே போவது எளிதல்ல.

பருவமும் நகர்ந்துகொண்டே இருக்கும். வசந்தத் தொடக்கத்தில் வளைகுடாக் கரையை ஒட்டிய மாநிலங்களில் அதிகம். மே மாதத்தில் ஓக்லஹோமா, கன்சஸ். ஜூன், ஜூலையில் வடக்குச் சமவெளி. ஈரக்காற்றும் மேல்காற்றும் சந்திக்கும் இடம் வடக்கே போகப்போக ஆபத்தும் கூடவே போகிறது.

தாய்நாடு அல்லாத மற்ற வீடுகள்

இதே சமையல் குறிப்பு வேறு சில நாடுகளிலும் பொருந்துகிறது. தென் அமெரிக்காவில் ராக்கியின் வேலையை ஆண்டீஸ் மலை செய்கிறது. அமேசான் பக்கத்திலிருந்து ஈரம் தெற்கே இறங்குகிறது. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளி, உருகுவே, பராகுவே, தெற்கு பிரேசில் எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. 1973 ஜனவரி 10ஆம் தேதி அர்ஜென்டினாவின் சான் ஹுஸ்தோ நகரின் ஒரு பகுதியை ஒரு சுழல்காற்று அழித்தது. அறுபது பேருக்கு மேல் இறந்தனர்.

பரப்பளவோடு ஒப்பிட்டால் பிரிட்டனும் நெதர்லாந்தும் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது பதிவாகின்றன. 1981 நவம்பர் 23ஆம் தேதி ஒரே நாளில் நூற்றுக்கு மேல் பதிவாகின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஓடுகளைப் பெயர்த்து, வேலியைச் சாய்த்துவிட்டு மறைபவை.

நம் பக்கத்தில் கவனிக்கவேண்டிய இடம் வங்காளதேசமும் அதை ஒட்டிய கிழக்கு இந்தியாவும். மார்ச் முதல் மே வரை வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று உள்ளே வருகிறது. இந்தியப் பீடபூமியிலிருந்து வறண்ட வெப்பக்காற்று அதன்மேல் மூடியாக அமர்கிறது. இமயமலைக்குத் தெற்கே உயரத்தில் மேல்காற்று பாய்கிறது. ஏறக்குறைய ஓக்லஹோமாவின் நகல். அந்தப் பருவத்தின் மாலைப் புயல்மழையை அங்குள்ள மக்கள் கால்பைசாக்கி என்கிறார்கள். வைசாக மாதத்தின் சேதம் என்று பொருள்படும் பெயர். ஜூனில் பருவமழை வந்ததும் மேல்காற்று இமயத்துக்கு வடக்கே விலகிவிடும். சுழல்காற்றுப் பருவமும் அத்துடன் முடியும்.

எண்ணிக்கை ஒன்று, இழப்பு வேறு

இந்த இடத்தில்தான் என் கேள்வியே மாறியது. அதுவரை எந்த நாட்டில் அதிகம் என்று தேடிக்கொண்டிருந்தேன். வங்காளதேசத்தில் ஆண்டுக்கு ஒரு சில சுழல்காற்றுகளே பதிவாகின்றன. ஆனால் உலகில் மிக அதிக உயிர்களைக் குடித்த சுழல்காற்று வந்தது அங்கேதான்.

1989 ஏப்ரல் 26ஆம் தேதி மாலை. மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தவுலத்பூர், சாட்டுரியா பகுதிகள். ஏறக்குறைய 1,300 பேர் இறந்தனர். ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தனர். 1996 மே 13ஆம் தேதி டாங்காயில் பகுதியில் வந்த இன்னொன்று பல நூறு உயிர்களை எடுத்தது.

அமெரிக்க வரலாற்றில் மிக மோசமானது 1925 மார்ச் 18ஆம் தேதி மிசூரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்து சென்றது. மூன்றரை மணி நேரத்தில் 350 கிலோமீட்டர் ஓடி 695 பேரைக் கொன்றது. இன்றோ ஆண்டுக்கு 1,200 சுழல்காற்றுகள் வரும் அந்த நாட்டில் ஆண்டுச் சராசரி உயிரிழப்பு ஏறக்குறைய எழுபது.

வங்காளதேசத்தில் காற்று அதிகக் கொடூரமானது என்பதல்ல காரணம். அங்கே மக்கள் நெருக்கம் மிக அதிகம். மண்சுவரும் தகரமுமான வீடுகள். தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தால் அது கத்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, 1989இல் அந்தக் கிராமங்களுக்கு 'இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறது' என்று சொல்ல யாருமில்லை. ஒரு வானொலி அறிவிப்பாளனாக அந்த வரியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஓக்லஹோமா, கன்சஸ் வட்டாரத்துக்குத்தான் 'சுழல்காற்றுச் சந்து' என்ற பெயர். ஆனால் மிசிசிப்பி, அலபாமா, டென்னசி போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் உயிரிழப்பு அதிகம். அங்கே இரவில் வருபவை அதிகம். மரங்களும் மேடுபள்ளங்களும் இருப்பதால் தூரத்திலிருந்து தெரியாது. அடித்தளமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்ட தயார்நிலை வீடுகளில் வாழ்பவர்களும் அதிகம். இரவில் வரும் சுழல்காற்று உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பகலில் வருவதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் எளிமையானது. மக்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணுகிறவர் யார்?

எண்ணிக்கையை நம்புவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். சுழல்காற்றை வெப்பநிலை போல ஒரு கருவியை நட்டு அளக்க முடியாது. யாராவது பார்க்கவேண்டும், அல்லது விட்டுச்சென்ற சேதத்தை யாராவது ஆராயவேண்டும். ஆள் இல்லாத புல்வெளியில் வந்து போனது கணக்கில் வராது.

1950களில் அமெரிக்காவில் பதிவானவை இன்றைய எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. பிறகு ஊர்கள் பெருகின. 1990களில் நாடு முழுக்க டாப்ளர் ரேடார்கள் வந்தன. அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் கேமரா. இதனால் பட்டியலில் கூடியவை பெரும்பாலும் முன்பு யார் கண்ணிலும் படாத சிறியவை. வலுவான சுழல்காற்றுகளின் ஆண்டு எண்ணிக்கையில் தெளிவான ஏற்றம் தெரியவில்லை. மாறியிருப்பது வேறு. சுழல்காற்று வரும் நாள்கள் குறைந்து, வந்தால் ஒரே நாளில் கூட்டமாக வருவது கூடியிருக்கிறது. சமவெளியில் சற்றுக் குறைந்து, தென்கிழக்கில் கூடிவருவதாகவும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன காரணங்களால், அது நல்ல செய்தி அல்ல.

சேதத்தை வைத்து வலிமையைக் கணக்கிடும் முறையைத் தந்தவர் ஒரு ஜப்பானியர். தெட்சுயா ஃபுஜித்தா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு விட்டுச்சென்ற சேதத்தின் வடிவத்தை ஆராய்ந்தவர். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1971இல் சுழல்காற்றுக்கு 0 முதல் 5 வரையிலான அளவுகோலை அமைத்தார். 2007 முதல் அதன் திருத்திய வடிவம் பயன்படுகிறது. விழுந்த மரம் எந்தத் திசையில் கிடக்கிறது, எந்த வகைச் சுவர் இடிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார்கள்.

சொல்லக்கூடாது என்று தடைசெய்யப்பட்ட சொல்

படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். 1880களின் பிற்பகுதியில் அமெரிக்க வானிலை அறிவிப்புகளில் 'டோர்னடோ' என்ற சொல்லையே பயன்படுத்தக்கூடாது என்று தடை விதித்தார்கள். முன்கூட்டிச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், அந்தப் பீதி காற்றைவிட அதிகத் தீங்கு செய்யும் என்பது அன்றைய எண்ணம். கணிப்பதும் கடினமாக இருந்தது. 1925இல் 695 பேர் இறந்த அன்றும் நிலைமை அதுதான்.

1948 மார்ச் 20ஆம் தேதி ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் எதிர்பாராமல் ஒரு சுழல்காற்று புகுந்து விமானங்களை நொறுக்கியது. தளத்தின் வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவரும் முந்தைய சுழல்காற்று நாள்களின் வரைபடங்களைத் தோண்டி எடுத்து ஒப்பிட்டார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25ஆம் தேதி, அதே அறிகுறிகள் மறுபடியும் தெரிந்தன. ஒரே தளத்தை ஒரே வாரத்தில் இருமுறை தாக்க வாய்ப்பு மிகக் குறைவு. தவறினால் இருவர் பெயரும் கெட்டுவிடும். இருந்தும் எச்சரிக்கை கொடுத்தார்கள். விமானங்கள் கட்டிவைக்கப்பட்டன, ஆள்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். அன்று மாலை சுழல்காற்று வந்தே விட்டது. உயிரிழப்பு இல்லை. 1950இல் பொதுமக்களுக்கான அறிவிப்புகளிலும் அந்தச் சொல்லின்மீது இருந்த தடை முற்றாக விலகியது.

இன்று ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் நாள்கணக்கில் முன்பே ஆபத்துள்ள வட்டாரத்தைக் குறித்துவிடுகிறது. குறிப்பிட்ட ஊருக்கான இறுதி எச்சரிக்கைக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் முன்பின் அவகாசம் கிடைக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் மூர் நகரைப் பாருங்கள். 1999, 2003, 2013 என்று திரும்பத் திரும்ப அடிவாங்கிய ஊர். 2013 மே 20ஆம் தேதி வந்தது 5ஆம் நிலையைச் சேர்ந்தது. 24 பேர் இறந்தனர். அவர்களில் ஏழு பேர் ஒரே தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள். எச்சரிக்கை வந்திருந்தது. ஒதுங்கப் பள்ளியில் பதுங்கறை இல்லை. அடுத்த ஆண்டே அந்த நகரம், புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கவேண்டும் என்று கட்டட விதியை மாற்றியது. எச்சரிக்கை மட்டும் போதாது, ஒதுங்க ஓர் இடமும் வேண்டும் என்பதை மூர் அந்தப் பிள்ளைகளை இழந்து கற்றது.

நம் வானத்தில் என்ன இருக்கிறது?

சரி, நாம்? ஈரமும் வெப்பமும் நம்மிடம் அமெரிக்காவைவிட அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் பாதி நாள்களுக்காவது இடி கேட்கிறது. ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வட்டாரத்தில் உயரே பாயும் அந்த வேகமான மேல்காற்று கிடையாது. குளிர்ந்த காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைக்கோடும் இல்லை. நம் இடிமேகம் நேராக எழும், கொட்டும், ஒரு மணி நேரத்தில் தன் மழையாலேயே குளிர்ந்து அடங்கும். முன்னே சொன்ன பென்சிலை உருட்ட இங்கே மேல்கை இல்லை.

அப்படியானால் பினாங்கில் வந்தது? அது வேறு வழியில் பிறப்பது. கடல் வெதுவெதுப்பாக, காற்று மெல்லியதாக இருக்கும்போது, இரண்டு பக்கத்திலிருந்து வரும் காற்று ஒரு கோட்டில் சந்தித்து லேசாகச் சுழலும். வளர்ந்துகொண்டிருக்கும் மேகம் அந்தச் சுழலை மேலே இழுத்து நீட்டும். கைகளை விரித்துச் சுழலும் நடனக்காரர் கைகளை மடக்கியதும் வேகமெடுப்பது போல, நீண்டு குறுகியதும் வேகம் கூடும். இது கீழிருந்து மேலே கட்டப்படும் தூண். பெரும்பாலும் கரை தொட்டதும் வலுவிழக்கும். தஞ்சோங் தோக்கோங்கில் வந்தது கரையேறிய பிறகும் கூரைகளைப் பிய்த்தது. சிங்கப்பூர்க் கடலிலும் இப்படிப்பட்ட நீர்த்தூண்கள் அவ்வப்போது காணப்படுகின்றன. நிலத்திலும் இதே முறையில் எழலாம். 2014 அக்டோபரில் கெடா, பெண்டாங் பகுதியில் வயல்வெளியை ஒட்டி வந்த ஒன்று வீடுகளைச் சேதப்படுத்தியது. அந்தக் காணொளியும் அன்று எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது.

நம் வீட்டுக் கூரையைத் தூக்குவது பல நேரங்களில் சுழல்காற்றே அல்ல. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரிசைகட்டி வரும் இடிமழை இருக்கிறதே, சுமத்ரா பக்கத்திலிருந்து வருவது, அதன் முன்னே நேர்க்கோட்டில் ஒரு பலத்த காற்று வரும். மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று பொத்தென்று விழுந்து தரையில் சிதறுவதும் உண்டு. தாமானில் பத்து வீட்டுக் கூரை போனால் மறுநாள் எல்லாரும் புத்திங் பெலியோங் என்பார்கள். சாய்ந்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தால் அது பெரும்பாலும் நேர்க்காற்று. சுழன்றிருந்தால் மரங்கள் பல திசைகளில் கிடக்கும். ஃபுஜித்தாவின் பாடத்தை நம் தெருவிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஆக, நம் ஊரில் பயப்பட வேண்டியவற்றின் வரிசையில் மின்னலும் திடீர் வெள்ளமும் முன்னே, மரம் விழுவது அதற்கடுத்து, சுழல்காற்று வெகு பின்னால். ஓக்லஹோமா பிள்ளைகள் பள்ளியில் சுழல்காற்றுப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் தேவை, இடி கேட்டால் திடலில் பந்து விளையாடுவதை நிறுத்தும் பழக்கம்.

இப்போது நான் செய்வது

அந்த நாளுக்குப் பிறகு என் மேசையில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறேன். வானிலைச் செய்தி எதுவானாலும் ஒலிவாங்கியைத் திறப்பதற்கு முன் நான்கு கேள்வி. என்ன வந்தது? எந்த இடத்தில், எந்த ஊரில் அல்ல, எந்தத் தாமானில்? எத்தனை மணிக்கு? இன்னும் நடக்கிறதா, முடிந்துவிட்டதா? நான்கில் ஒன்று தெரியவில்லை என்றாலும், 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்று சேர்த்துச் சொல்கிறேன்.

பதற்றம் வரும் என்று பயந்து வாயை மூடியதும் தவறு, அளவு தெரியாமல் பெரிய சொல்லை வீசியதும் தவறு. முதலாவதை அமெரிக்கா அறுபது ஆண்டுக்கு மேல் செய்தது. இரண்டாவதை நான் ஒரு மாலையில் செய்தேன்.

புலனத்தில் காணொளி அனுப்பும் நீங்களும் இன்று ஒரு வகையில் அறிவிப்பாளர்தான். அடுத்த முறை வானத்தில் தும்பிக்கையைப் பார்த்தால், குடும்பக் குழுவில் பகிர்வதற்கு முன் இடத்தையும் நேரத்தையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள். எங்கேயோ ஓர் அம்மா, எடுக்காத போனை மறுபடியும் மறுபடியும் அழைத்துக்கொண்டிருக்கலாம்.

தும்பிக்கை தெரிந்தால்...

* அது இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராமல் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், உங்களை நோக்கித்தான் வருகிறது. படம் எடுப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

* கண்ணாடிச் சன்னல்களை விட்டு விலகி, வீட்டின் நடுவில் இருக்கும் சிறிய அறைக்கோ குளியலறைக்கோ செல்லுங்கள். தலையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் மாடி முகப்பில் நிற்கவேண்டாம்.

* தகரக் கூரைக் கொட்டகை, கூடாரம், பெரிய மரம் ஆகியவற்றின் கீழ் ஒதுங்கவேண்டாம். இரவுச் சந்தையில் இருந்தால் அருகிலுள்ள கல் கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

* படகில் இருந்தால் நீர்த்தூண் நகரும் திசைக்குக் குறுக்காக, அதன் பாதையை விட்டு விலகிச் செல்லுங்கள். நெருங்கிப் பார்க்கப் போகவேண்டாம்.

* காற்று நின்றபின் அறுந்து விழுந்த மின்கம்பிகளைத் தொடவேண்டாம். தொங்கும் கூரைத் தகடுகளின் கீழ் நிற்கவேண்டாம்.

* மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்த்த பிறகே மற்றவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள்.